ஏழாம் இணைப்பு

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரியின் தரைக்கீழ்த் தளத்துக்கு இறங்கியபோது அவளுக்கு இருந்தது ஒரே ஒரு கவலைதான். மத்தியானத்துக்குள் வேலையை முடித்துவிட்டு நாலாவது மாடிக்கு ஓட வேண்டும். தங்கைக்குக் குடல்வால் ஆபரேஷன் முடிந்து இன்றோடு மூன்று நாள். நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லியாயிற்று.

துணைக்கு வந்தவளுக்கு டேட்டாபேஸ் வேலை தெரியும் என்பதை ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவு மேலாளர் எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டார். நேற்று சாயங்காலம் காபி இயந்திரத்தின் பக்கத்தில் வழிமறித்து, கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கேட்டார். தங்கை படுத்திருக்கும் இடமாயிற்றே என்று இவளும் தலையாட்டி வைத்தாள். அவள் ஆபீசில் அவளுக்குப் பட்டப்பெயரே பூட்டுக்காரி. எங்கே சர்வர் சிக்கி நின்றாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

பூட்டு என்றால் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. ஒருவர் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் அதில் கை வைக்கக் கூடாது. எழுதுகிறவர் பூட்டிக்கொள்வார், முடித்ததும் திறந்துவிட்டு எழுந்து போவார். மற்றவர்கள் அதுவரை வரிசையில் நிற்பார்கள். சில பேர் எழுந்து போவதே இல்லை. அப்போதுதான் பூட்டுக்காரிக்கு வேலை.

சர்வர் அறை குளிராக இருந்தது. ஜன்னல் கிடையாது. மூன்று இரும்பு அலமாரிகளுக்குள் விசிறிகள் ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருந்தன. ஒரு மேஜை, ஒரு திரை, ஒரு ஃபோன், கைப்பிடி தேய்ந்த ஒரு நாற்காலி. தூசி வாசனைக்கு நடுவில், நனைந்த துணியை மூடி வைத்ததுபோல் ஒரு புழுங்கல் வாடை லேசாக வந்தது.

"ஏசி தண்ணி எங்கயாவது ஒழுகுதா?" என்று கேட்டாள்.

"எல்லாத்தையும் பாத்தாச்சும்மா. ஒழுகல. ஆனா வாடை மட்டும் போக மாட்டேங்குது," என்றார் மேலாளர். நின்ற இடத்தில் நிற்காத மனிதர். சட்டைப் பையில் இருந்த பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். "விஷயம் என்னன்னா, புறப்பாட்டுப் பதிவேடு இருக்கு பாருங்க. யாரு எந்தக் கட்டில்லேந்து எத்தனை மணிக்குக் கிளம்பினாங்கன்னு எழுதறது. வீட்டுக்குப் போனாலும் அதுலதான், செத்துப் போனாலும் அதுலதான். மூணு மாசமா அதுல ஒரு வரி எழுத முடியல. எழுதப் போறவங்க எல்லாரும் வரிசையில நின்னு நின்னு, மத்தியானத்துக்குள்ள இருநூறு கனெக்‌ஷனும் நிரம்பிப் போகுது. அப்புறம் மருந்துக் கடை, லேப், எல்லாம் படுத்துக்குது."

"மூணு மாசமா எப்படி சமாளிச்சீங்க?"

"காகிதத்துலதான். சரியானதும் மொத்தமா ஏத்திக்கலாம்னு விட்டுட்டோம்." அவர் கொஞ்சம் பெருமையாகச் சிரித்தார். "ஒரு நல்லது பாருங்க. இந்த மூணு மாசத்துல இங்க ஒரு நோயாளி கூட சாகல. டாக்டர்களே ஆச்சரியப்படறாங்க."

அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கண் திரையில் இருந்தது.

பூட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது ஏழாம் இணைப்பு. கிழக்கு வார்டு மூன்று என்ற கம்ப்யூட்டரிலிருந்து வந்திருந்தது. எதையும் எழுதவில்லை, எதையும் கேட்கவில்லை. பூட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தது. அதற்குப் பின்னால் வரிசையில் முதல் ஆளாக எட்டாம் இணைப்பு. அது எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து வருகிறது என்று காட்ட வேண்டிய கட்டம் காலியாக இருந்தது. இரண்டும் வந்து தொண்ணூற்று நான்கு நாள் ஆகியிருந்தது.

"சர்வரை அணைச்சுப் போட்டுப் பாத்தீங்களா?"

"பாத்தோம். அது எழுந்ததும் எல்லாருக்கும் முன்னாடி அந்த ஏழு வந்து உக்காந்துக்குது. பழைய தேதியோடயே வருது. எட்டு பின்னாலயே வந்து நிக்குது."

ஏதோ பழைய புரோகிராம் தானாக ஓடுகிறது என்று அவள் முடிவு கட்டினாள். இந்த டேட்டாபேஸை முன்பு பார்த்துக்கொண்டிருந்தவர் காத்திருப்புக்குக் கெடுவே வைக்கவில்லை. பூட்டுக்காக எத்தனை நாள் வேண்டுமானாலும் நிற்கலாம், பூட்டிக்கொண்டு எத்தனை நாள் வேண்டுமானாலும் உட்காரலாம் என்று விட்டிருந்தார். இந்த வேலையில் யாருமே செய்யாத தப்பு.

அவள் மளமளவென்று மாற்றினாள். பூட்டுக்காக நிற்கிறவன் முப்பது வினாடிக்கு மேல் நிற்கக் கூடாது. வெளியே போய்த் திரும்ப வரட்டும். பூட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பவன் பத்து நிமிடத்தில் தானாக வெட்டப்படுவான். யாரும் தனக்கு மட்டும் இந்தக் கெடுவைத் தளர்த்திக்கொள்ள முடியாது. அதையும் அடைத்தாள். செய்த வேலை அவளுக்கே திருப்தியாக இருந்தது. புதிய கெடு புதிதாக வருகிற இணைப்புக்குத்தான். பழைய ஏழை மட்டும் கையால் வெட்ட வேண்டும்.

வெட்டுவதற்கு முன் அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு ஃபோன் செய்து, "வெட்டலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் வெட்டுவாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேட்காமல் வெட்டி, ஒரு மனிதரின் ஆறு மணி நேர உழைப்பு போய், அவர் ஃபோனில் அழுததை இவள் இன்னும் மறக்கவில்லை.

மேலாளர் வெளியே யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். சுவரில் ஒட்டியிருந்த பட்டியலில் கிழக்கு வார்டு மூன்றின் எண்ணைப் பார்த்து அழுத்தினாள். நாலு தடவை மணி அடித்தது. எடுத்தார்கள்.

"கம்ப்யூட்டர் பிரிவுலேந்து பேசறேங்க. உங்க கனெக்‌ஷன் ரொம்ப நாளா திறந்தே இருக்கு. வெட்டலாமா?"

மூச்சு மட்டும் கேட்டது. பிறகு ஓர் ஆண் குரல், பல நாள் தூங்காத குரல், மெல்லச் சொன்னது.

"வேணாம்மா. இன்னும் முடிக்கல."

"எப்ப முடிப்பீங்க?"

"நான் எழுந்தா, பின்னாடி நிக்கறது உள்ள வந்துரும்."

"யாருங்க பேசறது?"

 எதிர்முனையில் ஒரு பொத்தான் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. லைன் போய்விட்டது.

மேலாளர் உள்ளே வந்ததும் சொன்னாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"கிழக்கு மூணா? அந்த வார்டை மூடியே மூணு மாசம் ஆச்சும்மா. கம்ப்யூட்டர், ஃபோன் எல்லாத்தையும் கழட்டியாச்சு. உங்களுக்கு முன்னாடி இந்த டேட்டாபேஸைப் பாத்தவரு அங்கதான் போனாரு. அவரு சம்சாரம் அந்த வார்டுல படுத்த படுக்கையா இருந்தாங்க. ராப்பகலா பக்கத்துல ஒரு கம்ப்யூட்டரைப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தாரு. உக்காந்தபடியே மாரடைச்சுப் போயிட்டாரு. அந்தம்மா இப்ப மேல நாலாவது மாடில, இருபத்தோராம் கட்டில்ல. இன்னிக்கோ நாளைக்கோன்னு மூணு மாசமா இழுத்துக்கிட்டு இருக்கு." பேனாவை எடுத்தார், வைத்தார். "யாரோ விளையாடறாங்க. வெட்டுங்கம்மா. மருந்துக் கடையிலேந்து கத்திக்கிட்டு இருக்காங்க."

அவளுக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் வரிசை நூற்றைம்பதைத் தாண்டியிருந்தது. மேலே தங்கைக்கு ஊசி போடுகிற நேரம்.

வெட்டினாள்.

அடைத்திருந்த குழாய் திறந்ததுபோல் எல்லாம் ஓடத் தொடங்கியது. மருந்துக் கடையிலிருந்து ஃபோனிலேயே கை தட்டினார்கள். மேலாளர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவள் தன் பழைய இணைப்பை மூடி, புதிய கெடு சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க மறுபடி உள்ளே போனாள். காலியாக இருந்த ஏழாம் இடம் அவளுக்குக் கிடைத்தது.

பதிவேட்டில் முதல் ஆளாக எழுதியது எட்டாம் இணைப்பு. ஒரே ஒரு வரி. நாலாவது மாடி, கட்டில் இருபத்தொன்று, புறப்பாடு பன்னிரண்டு பத்து. எங்கே போகிறார் என்ற கட்டம் காலி. டாக்டர் கையொப்பம் இருக்க வேண்டிய இடமும் காலி. கையொப்பம் இல்லாத வரியைப் பதிவேடு ஏற்காதே என்று யோசித்தாள். ஏற்றிருந்தது.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பதினொன்று நாற்பதுதான் ஆகியிருந்தது.

தங்கை ஃபோன் செய்தாள். "பூட்டுக்காரி மேடம், எப்ப வர்றீங்க? இங்க பக்கத்துக் கட்டில் அம்மா குறட்டை விட்டு என் தையலையே பிரிச்சிருவாங்க போல."

"எத்தனாவது கட்டில்டி நீ?"

"இருபத்துநாலு. மூணு நாளா வந்து போறே, கட்டில் நம்பர் கூட தெரியாதா? நல்ல அக்கா."

அவள் சிரித்தாள். கண் மட்டும் திரையில் இருந்த இருபத்தொன்றுக்குப் போனது.

பன்னிரண்டு பத்துக்கு நடைபாதை ஒலிபெருக்கி நாலாவது மாடிக்கு அவசரக் குழுவைக் கூப்பிட்டது. கட்டில் இருபத்தொன்று. மேலாளர் மேலே ஓடினார். திரும்பி வந்தபோது, "போயிட்டாங்க. பாவம், விடுதலைன்னுதான் சொல்லணும்," என்றார்.

திரையில் இரண்டாவது வரி வந்திருந்தது. கட்டில் இருபத்திரண்டு. பன்னிரண்டு நாற்பது.

"இருபத்திரண்டுல யாரு?" என்று கேட்டாள்.

"யாரும் இல்லம்மா. காலி. அந்த வாத்தியாரு போன வாரமே வீட்டுக்குப் போயிட்டாரு. காகிதத்துல எழுதி அனுப்பினோம். இன்னும் இதுல ஏத்தல."

அவளுக்கு மூச்சு திரும்பி வந்தது. காலிக் கட்டில். அப்படியானால் எல்லாம் தற்செயல்தான்.

பன்னிரண்டு ஐம்பதுக்கு மேலாளரின் கைபேசி அடித்தது. கேட்டுக்கொண்டே அவர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். வாத்தியார் வீட்டிலிருந்து பேசினார்கள். சாப்பிட உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். பத்து நிமிடம் ஆகிறதாம்.

இங்கிருந்து கிளம்பிப் போனாலும் தப்ப முடியாது. புறப்பாடு பதிவேட்டில் ஏறாத வரை அவர் இன்னும் அந்தக் கட்டிலில்தான்.

மூன்றாவது வரி ஏற்கெனவே இருந்தது. கட்டில் இருபத்துமூன்று. ஒன்று பத்து.

அடுத்தது இருபத்துநாலு.

அதன்பிறகு அவள் செய்ததையெல்லாம் ஒரு பூட்டுக்காரி செய்யக்கூடியது என்றுதான் சொல்ல வேண்டும். எட்டாம் இணைப்பை வெட்டினாள். கண் இமைப்பதற்குள் அது திரும்ப வந்தது. மூன்றாவது வரியை அழித்தாள். அழிந்தது, மறுபடி இருந்தது. இணைப்புகளின் எண்ணிக்கையைக் குறைத்து உள்ளே இடமே இல்லாமல் செய்யலாம் என்று பார்த்தாள். அதற்குள் வேறு யாருடைய இணைப்பெல்லாம் முடிந்ததோ, அந்த இடமெல்லாம் ஒவ்வொன்றாக நிரம்பத் தொடங்கியது. ஒவ்வொன்றுக்கும் எதிரே காலிக் கட்டம். இருநூறு இடத்தில் நூற்றுத் தொண்ணூற்று ஒன்பது. டாக்டர் உள்ளே வந்து தங்கைக்குக் கையொப்பம் போட்டு முறையாக அனுப்பலாம் என்றால், டாக்டருக்கு உட்கார இடமில்லை.

மிச்சம் இருந்தது ஏழாம் இடம் ஒன்றுதான். அதில் அவள் இருந்தாள்.

"சர்வரை அணைச்சிடலாம் சார்," என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை.

"ஐயோ வேணாம்மா. ஐ.சி.யூ.ல மருந்து ஏறற அளவு முழுக்க இந்த மிஷின்லதான் தனியா ஓடுது. அணைச்சா பதினோரு பேரு." அவர் பேச்சை முடிக்கவில்லை.

அணைத்தாலும் அது மறுபடி எழுந்தாக வேண்டும். எழும்போது எல்லாருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்து கொள்ளும் அந்த மனிதர் இப்போது இல்லை. அவள்தான் வெட்டிவிட்டாளே.

அந்தத் தூங்காத குரல் காதுக்குள் கேட்டது. பின்னாடி நிக்கறது உள்ள வந்துரும். அவர் தப்புச் செய்யவில்லை. கெடு வைக்காமல் விட்டது கவனக்குறைவால் இல்லை. தன் மனைவிக்காகப் பதிவேட்டைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்தவர், செத்த பிறகும் எழுந்திருக்கவில்லை.

ஒன்று பத்துக்குத் தங்கை கூப்பிட்டாள்.

"அக்கா." கிசுகிசுத்தாள். "பக்கத்துக் கட்டில் அம்மா குறட்டையை நிறுத்திட்டாங்க."

அவள் ஃபோனைக் காதில் வைத்தபடியே பதிவேடு முழுவதையும் பூட்டினாள்.

எட்டாம் இணைப்பு வரிசையில் நின்றது.

நான்காவது வரி வரவில்லை.

ஒன்று பதினைந்து. ஒன்று இருபது. வரவில்லை. கைபேசியில் தங்கை, "அக்கா, இருக்கியா? எனக்கு பயமா இருக்கு, நர்ஸ் எல்லாம் ஓடறாங்க," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவளுக்கு அழுகை முட்டியது. தங்கை உயிரோடு பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்போல் இருந்தது.

அப்போதுதான் திரையின் ஓரத்தில் ஒரு கணக்கு ஓடுவதைக் கவனித்தாள். பூட்டிக்கொண்டு சும்மா இருக்கும் இணைப்பு, எண் ஏழு. வெட்டப்பட இன்னும் ஐம்பது வினாடி.

அவள் போட்ட கெடு. அவளே கையால் போட்டது. தளர்த்தப் பார்த்தாள். அனுமதி இல்லை என்றது. காலையில் அடைத்தவளும் அவள்தான். புதிய இணைப்பில் போய் மாற்றலாம் என்றால் இதை விட்டு எழுந்தாக வேண்டும்.

கைக்கு வந்ததைத் தட்டினாள். மணி என்ன என்று சர்வரைக் கேட்கும் ஒரு சின்னக் கேள்வி. சர்வர் மணியைச் சொன்னது. கணக்கு மறுபடி பத்து நிமிடத்திலிருந்து ஓடியது.

எட்டாம் இணைப்பு தொண்ணூற்று நான்கு நாள் அசையாமல் நின்றிருந்தது. இப்போது அப்படி இல்லை. முப்பது வினாடிதான் நிற்கலாம் என்பதும் அவள் போட்ட சட்டம் ஆயிற்றே. முப்பது வினாடி நின்றது. போனது. உடனே வந்தது.

பூட்டிய கதவைத் தட்டுவதுபோல், முப்பது வினாடிக்கு ஒரு தட்டு.

புழுங்கல் வாடை இப்போது நாற்காலிக்கு நேர் பின்னாலிருந்து வந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மேலாளர் அவளை எழுப்பப் பார்த்தார், கெஞ்சினார். "மாத்தி மாத்தி உக்காரலாம்மா, நான் தட்டறேன்," என்றார். அவள் நாற்காலியைக் கொடுக்கவில்லை. பேனாவை எடுத்து எடுத்து வைக்கிற, ஓரிடத்தில் நிற்காத கை அவருடையது. ஒரு தரம் மறந்தால் போதும். அன்று ராத்திரி அவர் வீட்டுக்குப் போனார். அவள் ஒன்பது நிமிடத்துக்கு ஒருமுறை தட்டிக்கொண்டிருந்தாள். மறுநாள் தங்கையைக் காகிதத்தில் எழுதி வீட்டுக்கு அனுப்பினார்கள். "என்னை அனுப்பிட்டு நீ மட்டும் அங்கயே குந்திக்கிட்டு இருக்கே, லூசு," என்று தங்கை ஃபோனில் திட்டினாள். அவள் தட்டிக்கொண்டிருந்தாள்.

எத்தனை நாள் ஆயிற்று என்று பிறகு தெரியவில்லை. முதலில் பசி போனது. பிறகு குளிர் போனது. இடது தோளில் கிடந்த வலி ஒரு விடியற்காலையில் மார்புக்கு இறங்கி, அங்கேயே நின்று, அப்புறம் அதுவும் போனது. நல்லதாகப் போயிற்று, இனிமேல் தூக்கம் வராது என்று நினைத்தாள்.

ஒருநாள் தங்கை அறை வாசலில் வந்து நின்றாள். கூட மேலாளர். தங்கை நன்றாகத்தான் இருந்தாள், கொஞ்சம் சதை கூடப் போட்டிருந்தாள். பார்த்ததும் இவளுக்கு மனசு நிறைந்து போயிற்று.

"இந்தச் சேர்லதானா?" என்று தங்கை கேட்டாள்.

மேலாளர் தலையாட்டினார்.

தங்கை நாற்காலியின் தேய்ந்த கைப்பிடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். "அழாதடி, நீ நல்லா இருக்கே, அது போதும்," என்று இவள் சொன்னாள். தங்கை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கோபம் இன்னும் தீரவில்லை போலிருக்கிறது. போகும்போது விளக்கை அணைத்துவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு போனார்கள். ஆள் இருக்கும்போது விளக்கை ஏன் அணைக்கிறார்கள் என்று இவளுக்கு எரிச்சல் வந்தது.

தட்டினாள். திரை எப்போது அணைந்தது என்று தெரியவில்லை. விசிறிச் சத்தமும் இல்லை. ஆனாலும் மணி என்ன என்று கேட்டால் எங்கிருந்தோ பதில் வந்துகொண்டிருந்தது. பின்னாலிருந்து தட்டுவதும் நிற்கவில்லை.

பிறகு, இருட்டில், மேஜை மேல் ஃபோன் அடித்தது.

நாலு தடவை மணி அடித்ததும் எடுத்தாள். ஒரு பெண் குரல், வேலையில் கெட்டிக்காரி என்று கேட்டவுடன் தெரிகிற குரல்.

"வணக்கம்ங்க. புது சர்வர் ரூம்லேந்து பேசறேன். லாக் செட்டிங் எல்லாம் சரி பண்ண வந்திருக்கேன். பழைய ரூம்லேந்து உங்க கனெக்‌ஷன் ஒண்ணு, ஏழாம் நம்பர், ரொம்ப நாளா பூட்டிக்கிட்டு நிக்குது. வெட்டறதுக்கு முன்னாடி கேட்டுருவோம்னு ஃபோன் பண்ணேன். வெட்டலாமா?"



"வேணாம்மா," என்றாள். "இன்னும் முடிக்கல."

"யாருங்க பேசறது?"

சொல்ல வாயெடுத்தாள். ஒன்பதாவது நிமிடம் ஆகியிருந்தது. முதலில் பொத்தானைத் தட்டினாள்.

எதிர்முனையில் அந்தப் பெண் யாரிடமோ திரும்பிக் கேட்டாள், "சார், பழைய ரூம்ல யாராவது இருக்காங்களா?" தூரத்தில் பேனா ஒன்று சட்டைப் பைக்குள் போய் வரும் சத்தம். மேலாளரின் குரல் நடுங்கியது. "அங்க ஃபோனே கிடையாதும்மா. எல்லாத்தையும் கழட்டியாச்சு." கொஞ்சம் பொறுத்து, மருந்துக் கடையில் கத்துகிறார்கள் என்றும் சொன்னார்.

அவள் கையிலிருந்த ஃபோனின் ஒயரைத் தடவிப் பார்த்தாள். ஒரு முழத்தில் அது முடிந்துவிட்டது.

"வெட்டாதீங்க. என் தங்கச்சி இருபத்துநாலு," என்று கத்தினாள். அவள் கத்தல் அந்த அறையைத் தாண்டவில்லை.

ஃபோனுக்குள் ஒரு பொத்தான் தட்டும் சத்தம் கேட்டது.

அதோடு, இத்தனை நாளாக முப்பது வினாடிக்கு ஒருமுறை பின்னாலிருந்து வந்துகொண்டிருந்த தட்டு நின்றுவிட்டது. புழுங்கல் வாடை அவள் தோளை உரசிக்கொண்டு முன்னால் போனது.